பன்றிக்குட்டி கற்பித்த சீனம்

நாற்பது ஆண்டுகள் பத்திரிகை அலுவலகத்தில் பிறர் எழுதியதைத் திருத்தியே காலங்கழித்தவன் நான். ஒப்புநோக்குநராகச் சேர்ந்து, செய்தியாளனாகி, ஈற்றில் ஆசிரியபீடத்தில் அமர்ந்து ஓய்வு பெற்றேன். ஒரு சொல் இடம் மாறி நின்றாலும் கண்ணில் முள்ளாய்க் குத்தும். அப்படிப்பட்டவன் எழுபதை எட்டும் வயதில், நான்கு வயதுக் குழந்தைகளுக்கென எடுக்கப்பட்ட பன்றிக்குட்டிக் கார்ட்டூன் ஒன்றின் முன் அமர்ந்து, 'அப்பா பெரியவர், தம்பி சின்னவன், வெளியே மழை பெய்கிறது' என்று சீன மொழியில் முணுமுணுத்துக்கொண்டிருப்பதைக் கண்டு வீட்டார் முதலில் சிரித்தார்கள், பின்னர் சற்றுக் கவலைப்பட்டார்கள், இப்போது பழகிவிட்டார்கள்.

யாழ்ப்பாணத்தில் ஒருவன் சீனம் படிக்கிறான் என்றால் இரண்டு கேள்விகள் வரும். ஒன்று, "எவ்வளவு சம்பளம்?" மற்றது, "ஆர் அனுப்பினது?" இரண்டுக்கும் என்னிடம் விடையில்லை. ஆனால், ஏன் தொடங்கினேன் என்பதற்கு விடை உண்டு. நீண்ட நாட்களாக எழுத எண்ணியிருந்த விடயம் இது.

2021ஆம் ஆண்டை நினைத்துப் பாருங்கள். அந்த ஜனவரியில் நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்று தீவுகளிலும் காற்றாலும் சூரிய ஒளியாலும் மின்சாரம் உற்பத்தி செய்யும் திட்டத்தைச் சீன நிறுவனம் ஒன்றுக்கு வழங்க அமைச்சரவை இசைந்தது. மே மாதத்தில், கொழும்பில் சட்டமா அதிபர் திணைக்களத்தில் சீன உதவியுடன் திறந்த நூலகத்தின் பெயர்க்கல்லில் சிங்களமும் ஆங்கிலமும் சீனமும் இருந்தன, தமிழ் இருக்கவில்லை. கூச்சல் எழுந்தபின் அதை அகற்றினார்கள். டிசம்பரில் சீனத் தூதுவர் சீ சென்ஹொங் குடாநாட்டுக்கு வந்து, வேட்டி கட்டி, மேலாடையின்றி நல்லூர்க் கந்தனை வழிபட்டார். அதே மாதத்தில், மூன்றாந் தரப்பொன்றின் பாதுகாப்புக் கவலை காரணமாகத் தீவுகளின் மின்திட்டம் இடைநிறுத்தப்படுவதாகச் சீனத் தூதரகம் அறிவித்தது. 2022 மார்ச்சில் அதே தீவுகளுக்கு இந்தியாவுடன் உடன்படிக்கை கைச்சாத்தானது.

இவை ஒவ்வொன்றைப் பற்றியும் நான் பத்தி எழுதியிருக்கிறேன். காரசாரமாகவே எழுதியிருக்கிறேன். ஒருநாள் இரவு அவற்றை மீளப் படித்தபோது ஓர் உண்மை உறைத்தது. சீனா என்ன நினைக்கிறது என்று நான் எழுதிய ஒவ்வொரு வரியும் கொழும்பு ஆங்கிலப் பத்திரிகையிலிருந்தோ, இந்தியத் தொலைக்காட்சியிலிருந்தோ, அல்லது தூதரகமே தயாரித்துக் கொடுத்த அறிக்கையிலிருந்தோ வந்தது. சீன மொழியில் ஒரு வரியைத்தானும் நான் படித்ததில்லை. என்னோடு தொழில் செய்தவர்களில் எவரும் படித்ததில்லை. சீனாவை அஞ்சுபவரும் சரி, வரவேற்பவரும் சரி, குடாநாட்டில் எல்லோரும் பிறர் வாயால்தான் பேசிக்கொண்டிருக்கிறோம்.

இது புதிய நோயுமன்று. 1964இல் இலங்கைக் கம்யூனிஸ்ட் கட்சி பிளவுண்டபோது சண்முகதாசன் தலைமையிலான 'பீகிங் சார்பு' அணிக்கு வடக்கில் வலுவான வேர் இருந்தது. 1966 ஒக்டோபர் 21இல் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கித் தீண்டாமைக்கெதிராக நடந்த ஊர்வலத்தை எங்கள் ஊர்ப் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். மாஓவின் எழுத்துக்களைத் தமிழில் கரைத்துக் குடித்த தோழர்கள் பலரை நான் அறிவேன். விவாதத்தில் அவர்களை வெல்ல முடியாது. ஆனால் 'வணக்கம்' என்பதற்குச் சீனத்தில் என்ன சொல்வது என்று கேட்டிருந்தால் விழித்திருப்பார்கள்.

மறுபக்கத்தைப் பாருங்கள். 1963 ஆகஸ்ட் 1ஆம் திகதி பீகிங் வானொலி தமிழ் ஒலிபரப்பைத் தொடங்கியது. சிற்றலை வானொலியின் இரைச்சலுக்குள், ழகரமும் ளகரமும் பிசகாத தமிழில் சீனர்கள் செய்தி வாசித்தார்கள். எங்கள் வீட்டு வானொலிப் பெட்டியின் முன் அமர்ந்து என் தந்தையார், "எங்கடை பெடியள் இப்பிடிக் கதைப்பாங்களோ?" என்று வியந்தது இன்னும் காதில் இருக்கிறது. அவ்வானொலியில் கலைமகள் என்ற பெயரோடு பணியாற்றிய சீனப் பெண்மணி, 'சீனாவில் இன்ப உலா' என்று தமிழிலேயே நூல் எழுதினார். 2018இல் பெய்ஜிங் அயல்மொழிப் பல்கலைக்கழகம் தமிழைப் பட்டப்படிப்பாகவே தொடங்கியது. அறுபது ஆண்டுகளாக அவர்கள் எங்களைக் கேட்டுக்கொண்டும் படித்துக்கொண்டும் இருக்கிறார்கள். நாங்களோ அவர்கள் அனுப்பும் மீன்வலையை எண்ணிக்கொண்டிருக்கிறோம்.

இந்த வெட்கத்தில்தான் 2022 ஜனவரியில் சீனம் படிப்பதென்று முடிவெடுத்தேன். களனிப் பல்கலைக்கழகத்தில் 2007 முதல் கன்பூசியஸ் நிலையம் இயங்குகிறது. தெற்கிலே படிக்க விரும்பும் பிள்ளைக்கு அது ஒரு வழி. இந்த வயதில் களனிக்குப் போய் வாங்கில் அமர எனக்கு முழங்கால் இடந்தராது. எஞ்சியது இணையக் காணொளிதான்.

முதற்பிழையை அங்கேயே செய்தேன். நான் பத்திரிகையாளன் அல்லவா? எனவே எடுத்த எடுப்பில் சீன அரச தொலைக்காட்சியின் இரவு 7 மணிச் செய்தியைப் பார்க்கத் தொடங்கினேன். 1978 முதல் நாள்தோறும் வரும் அரைமணி நேர அறிக்கை அது. மூன்று மாதங்கள் ஒருநாள் தவறாமல் பார்த்தேன். முடிவில் எனக்குத் தெரிந்தது, ஆண் அறிவிப்பாளரின் கழுத்துப்பட்டி நிறம் மாறுகிறது என்பது மட்டுமே. பொருள் விளங்காத ஒலியை ஆயிரம் மணிநேரம் கேட்டாலும் அது மழை ஓட்டில் விழும் ஓசைதான். அதில் ஒரு சொல்லும் மனதில் முளைக்காது.

என் தங்கையின் பேர்த்தி, அப்போது ஒன்பது வயது, இதைப் பார்த்துவிட்டு ஒரு கேள்வி கேட்டாள்: "தாத்தா, நீங்கள் ஒண்டாம் வகுப்புப் படிக்காமல் ஏன் ஏ.எல். படிக்கிறியள்?" அவள்தான் அந்தப் பன்றிக்குட்டியைத் தேடித் தந்தாள். பிரித்தானியாவில் 2004இல் தொடங்கிய 'பெப்பா பிக்' என்னும் கார்ட்டூனின் சீன வடிவம். ஒவ்வொன்றும் ஐந்து நிமிடம். பன்றிக்குட்டி சேற்றில் குதிக்கிறது, தாய் வருகிறாள், 'சேறு' என்கிறாள். படமே அகராதி. முதல் வாரத்தில் பன்னிரண்டு சொற்கள் என் காதில் தாமாகவே பிரிந்து கேட்டன. செய்தி அறிக்கை மூன்று மாதத்தில் தராததைச் சேற்றுப் பன்றி ஏழு நாளில் தந்தது.

அமெரிக்க மொழியியலாளர் ஸ்டீபன் கிராஷன் 1980களின் தொடக்கத்தில் இதைக் கோட்பாடாகவே சொல்லியிருக்கிறார். விளங்குவதற்குச் சற்றே மேலான படியில் இருக்கும் பேச்சைக் கேட்கும்போதுதான் மொழி ஏறும் என்பது அவர் வாதம். அவர் சொன்னதெல்லாம் சரியென்று மொழியியலார் ஒப்பவில்லை. ஆனால் இந்த ஓர் இடத்தில் என் அனுபவம் அவர் பக்கம் நிற்கிறது. உண்மையில் அமெரிக்கா வரை போக வேண்டியதில்லை. நல்லூரில் பிறந்த ஆறுமுக நாவலர் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பாலபாடத்தை ஒரே நூலாக எழுதவில்லையே. முதற் புத்தகம், அடுத்த புத்தகம் என்று படிப்படியாக, சிறு வாக்கியத்திலிருந்து நீண்ட வசனத்துக்குக் குழந்தையைக் கைபிடித்து ஏற்றினார். படிமுறை என்பது இந்த மண்ணில் அச்சேறிய விடயம். விஜயதசமியன்று பச்சையரிசியில் 'அ' எழுதுவிக்கும் நாம், குழந்தையின் கையில் பரிமேலழகர் உரையைக் கொடுப்பதில்லை. வளர்ந்தவர்களான நமக்குத்தான் கீழ்ப்படியில் உட்கார மானம் இடந்தருவதில்லை.

சீன மொழித் தேர்ச்சிக்கு எச்.எஸ்.கே. என்றொரு தேர்வு உண்டு. 2010இல் வகுத்த முறைப்படி அதற்கு ஆறு படிகள். முதற்படிக்கு 150 சொற்கள், இரண்டாவதுக்கு 300, மூன்றாவதுக்கு 600. இப்படி இரட்டித்து ஆறாவதில் 5,000 ஆகும். 2021இல் ஒன்பது படிகளாக விரித்துப் பதினோராயிரத்துக்கும் மேற்பட்ட சொற்களைப் பட்டியலிட்டார்கள். காணொளி செய்யும் சீன ஆசிரியர்கள் பலரும் இப்படிகளையொட்டியே தம் பாடங்களுக்குத் தரம் குறிக்கிறார்கள். தொடக்கநிலைக் காணொளியில் ஆசிரியை படம் வரைந்து, கையசைத்து, ஒரே வாக்கியத்தை நான்கு விதமாகச் சொல்வார். இடைநிலையில் சந்தைக்குப் போய்க் காய்கறி விலை கேட்பார். அதற்கும் மேலே, தெருவில் போவோரை மறித்து வீட்டு வாடகை, திருமணம், வேலையின்மை என்று பேட்டி காண்பார்கள். 'மண்டரின் கோர்னர்' போன்ற பக்கங்களில் அத்தகைய பேட்டிகள் ஏராளம்.

நான் கண்ட அளவுகோல் எளிது. ஒரு நிமிடப் பேச்சில் ஐந்து சொற்களுக்கு மேல் விளங்காவிட்டால் அந்தக் காணொளி எனக்குரியதன்று. கீழே இறங்க வேண்டும். எல்லாமே விளங்கினால் அதுவும் எனக்குரியதன்று. 'முப்பது நாளில் சீனம்' என்று தலைப்பிட்டவற்றைத் திறப்பதேயில்லை. யாழ் பஸ் நிலையத்தில் முன்பு விற்ற 'முப்பது நாளில் ஆங்கிலம்' புத்தகத்தின் பேரப்பிள்ளைகள் அவை.

இன்னொரு குறிப்பு. சீனக் காணொளிகளில் பெரும்பாலும் திரையின் அடியில் சீன எழுத்து ஓடும். ஊருக்கு ஊர் பேச்சு வேறுபடும் பெருநாட்டில் எழுத்தே பொது என்பதால் வந்த வழக்கம். படிப்பவனுக்கு அது உதவியும் உபத்திரவமும் ஆகும். கண் எழுத்தில் ஓடினால் காது உறங்கிவிடும். எனவே முதன்முறை பார்க்கும்போது திரையின் அடிப்பகுதியைப் பழைய பத்திரிகைத் துண்டு ஒன்றால் மறைத்துக்கொள்வேன். நாற்பது ஆண்டு உழைப்பு இதற்காவது பயன்படுகிறது.

2022 மார்ச் கடைசியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேரம் வரை மின்வெட்டு இருந்த காலம் எல்லோருக்கும் நினைவிருக்கும். மின்சாரம் வரும் நேரத்தில் நான்கைந்து காணொளிகளை இறக்கி வைத்துக்கொள்வேன். இருட்டில் அவற்றையே திரும்பத் திரும்பக் கேட்பேன். வேறு வழியில்லாத அந்தத் திரும்பக் கேட்டல்தான் என் சீனத்துக்கு அத்திவாரம் இட்டது. தாராளமாக இணையம் இருந்திருந்தால் ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவியே கெட்டிருப்பேன்.

தமிழ்க் காதுக்குச் சீனத்தில் எது எளிது, எது கடினம் என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். காரணம், காணொளிகள் எவையும் இதைச் சொல்வதில்லை. அவை ஆங்கிலக் காதுக்காகச் செய்யப்பட்டவை. சுரங்களைக் கண்டு எல்லோரும் அஞ்சுவர். ஒரே 'மா' நான்கு சுரத்தில் தாய், சணல், குதிரை, ஏச்சு என்று நான்கு பொருள் தரும். ஆனால் நாமும் 'ம்' என்ற ஒற்றை ஒலியை ஏற்றிக் கேட்டால் வினா, இறக்கினால் இசைவு, இழுத்தால் சந்தேகம் என்று வைத்திருப்பவர்கள்தாமே. அந்த வித்தையைச் சொல்லுக்குள் கொண்டுபோக வேண்டும், அவ்வளவுதான். வினைச்சொல் நமக்கு வரம்: போனேன், போகிறேன், போவேன் என்ற திரிபெல்லாம் அங்கில்லை, நேற்று நான் போ, நாளை நான் போ. வாக்கியத்தின் ஈற்றில் ஒரு 'மா' சேர்த்தால் அது கேள்வி; நாம் 'வந்தானா' என்று ஆகாரம் சேர்ப்பதுபோல. பெய்ஜிங்காரர் சொல்லிறுதியில் நாவை வளைத்து ஒலிக்கும் ரகரம் நம் ழகரத்துக்கு மிகக் கிட்டியது. ஆங்கிலேயர் திணறும் இடத்தில் தமிழர் சிரிக்கலாம்.

நாம் திணறும் இடம் வேறு. 'துட்ஸ' என்றால் வயிறு. 'துட்ஸ' என்றால் முயலும்கூட. சுரமும் ஒன்றே. முயலில் முதலெழுத்தோடு மூச்சுக் காற்று வெளியே தள்ளப்பட வேண்டும், வயிற்றில் தள்ளக்கூடாது. தமிழில் இந்த வேறுபாட்டுக்கு எழுத்துமில்லை, காதுமில்லை. இணையவழியில் பேசிப் பழகிய ஒரு சீன இளைஞரிடம், எனக்கு முயல் வலிப்பதாகப் பல வாரங்கள் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் பண்பானவர், திருத்தவில்லை. பிறகு வாயின் முன் மெல்லிய காகிதத் துண்டைப் பிடித்துப் பழகினேன். முயலுக்குக் காகிதம் ஆட வேண்டும், வயிற்றுக்கு ஆடக்கூடாது. இந்த ஒரு பாடத்தை ஒரு தமிழர் தமிழில் இரண்டு நிமிடக் காணொளியாகச் செய்திருந்தால் அத்தனை வாரங்கள் வீணாகியிரா.

இவ்வளவு பாடுபட்டு என்ன கண்டாய் என்று கேட்பீர்கள். ஒரேயொரு சொல்லைச் சொல்கிறேன். அரியாலையில் சீனக் கூட்டு நிறுவனமொன்று கடலட்டைக் குஞ்சு வளர்த்ததையும், வடபகுதிக் களக்கடலில் பண்ணைகள் பெருகியதையும், வலை விரித்த இடம் பறிபோகிறதென்று கடற்றொழிலாளர் மறியலில் இறங்கியதையும் அறிவீர்கள். நாம் அந்த உயிரினத்தை 'அட்டை' என்கிறோம். கடலில் கிடக்கும் அட்டை. பிடிப்போம், அவிப்போம், காயவைத்து விற்போம், தின்னமாட்டோம். ஆங்கிலேயன் அதைக் கடல் வெள்ளரி என்றான். சீனர் சொல்லும் பெயர் 'ஹாய் ஷன்'. ஹாய் என்றால் கடல். ஷன் என்பது ஜின்செங் என்று உலகெங்கும் விலைபோகும் மூலிகை வேரின் பெயரில் உள்ள அதே ஷன். நமக்கு அட்டை; அவர்களுக்குக் கடலின் மூலிகை. இடைநிலைச் சமையல் காணொளி ஒன்றில் ஓர் அம்மா அதை ஊறவைத்து, பிரசவித்த மகளுக்கென்று பக்குவமாய் ஆக்குவதைப் பார்த்தபோதுதான், நம் களக்கடலை ஏன் இப்படித் தேடி வருகிறார்கள் என்பது எனக்கு விளங்கியது. பல பத்திகளில் நான் எழுதிய புவிசார் அரசியலெல்லாம் அந்தச் சட்டிக்கு முன் சற்று மெலிந்து போயிற்று. கடற்றொழிலாளரின் முறைப்பாடு நியாயமானது என்ற என் கருத்து மாறவில்லை. ஆனால் விலை பேசுகிறவனுக்கு எதிரே இருப்பவனின் சட்டியில் என்ன வேகிறது என்று தெரிந்திருக்க வேண்டாமா?

மொழிபெயர்ப்புச் செயலி இருக்கிறதே என்பார்கள். அவசரத்துக்கு உதவும், நானும் பாவிக்கிறேன். ஆனால் தெரியாத மொழியில் எழுதிய தாளில் ஒப்பமிடுவது என்றால் என்னவென்று இந்த மண்ணுக்குத் தெரியும். பயங்கரவாதத் தடைச் சட்டத்தின்கீழ் சிங்களத்தில் எழுதிய வாக்குமூலத்தில், அதில் ஒரு சொல்லும் விளங்காமல் ஒப்பமிட்ட தமிழ் இளைஞர் எத்தனை பேர்! 1956இன் சட்டம் சிங்களத்தைத் திணித்தபோது அதைப் படிக்க மறுத்தது எதிர்ப்பு. அந்த மறுப்பின் நியாயத்தை நான் மறுக்கவில்லை. அதற்கு நாம் கொடுத்த விலையையும் மறக்கவில்லை. ஆங்கிலத்தை மட்டும் தயங்காமல் படித்தோம். அதில் உத்தியோகம் இருந்தது. சீனத்தில் உத்தியோகம் இருக்கிறதோ இல்லையோ, குடாநாட்டில் ஒரு பத்துப் பேராவது, ஒரு சட்டத்தரணி, ஓர் ஊடகர், ஒரு கடற்றொழிலாளர் சங்கச் செயலாளர், ஒரு வரலாற்று ஆசிரியர், அம்மொழியைத் தாமே படிக்கக்கூடியவர்களாக இருக்க வேண்டும்.

வரலாற்று ஆசிரியர் என்றது வீணாக அன்று. அல்லைப்பிட்டியில் 1977இல் சொங் வம்சக் காலத்துச் சீன மட்பாண்டத் துண்டுகள் வெளிப்பட்டன. 2018இல் ஷாங்காய் அருங்காட்சியகத்தார் இலங்கைத் தொல்லியலாருடன் வந்து அங்கே மீண்டும் அகழ்ந்தனர். 11ஆம் நூற்றாண்டையொட்டிய ஓடுகள் நூற்றுக்கணக்கில் கிடைத்தன. அவர்கள் அறிஞர்கள், தம் மொழியில் எழுதுவார்கள். எங்கள் மண்ணுக்குள் என்ன இருந்தது என்று அவர்கள் எழுதுவதைப் படிக்க எங்களில் எவர் இருக்கிறார்?

இதை வெளிநாடுகளில் வாசிப்போருக்கு, சிறப்பாக மலேசிய, சிங்கப்பூர் உறவுகளுக்கு ஒரு வேண்டுகோளாகவே எழுதுகிறேன். மலேசியாவில் சீனப் பள்ளிகளில் படித்த தமிழ்ப் பிள்ளைகள் பலர். சீனத்தையும் தமிழையும் ஒரே நாவில் வைத்திருப்போர் உங்களிடையேதான் உள்ளனர். ஆங்கிலம் வழியாகச் சுற்றிவராமல், தமிழ்க் காதுக்கென்று படிப்படியாக, பாலபாடம்போல, ஐந்தைந்து நிமிடக் காணொளிகள் செய்து தாருங்கள். பிழையாக முயல் வலிக்கும் கிழவர்கள் இங்கே இன்னும் சிலர் இருக்கக்கூடும். பிள்ளைகள் நிச்சயம் இருக்கிறார்கள்.

சென்ற ஆண்டு கண் பார்க்கக் கொழும்புக்குப் போனவன், தேசிய அருங்காட்சியகத்துக்கும் போனேன். சீன, தமிழ், பாரசீக மொழிகளில் பொறித்த காலிக் கல்வெட்டு அங்கே நிற்கிறது. 1409ஆம் ஆண்டுத் திகதியிட்டுச் செங் ஹோ கொண்டுவந்த கல். 1911இல் காலியில் ஒரு மதகுக்கு மூடுகல்லாகக் கிடந்ததைக் கண்டெடுத்தார்கள். சீனப் பகுதி புத்தருக்கும், தமிழ்ப் பகுதி தென்னாவரை நாயனாருக்கும், பாரசீகப் பகுதி அல்லாவுக்கும் காணிக்கை சொல்கிறது. இந்த நாட்டுக்குக் கல் கொண்டுவந்த சீனன் அன்று தமிழை விட்டுவிடவில்லை. முன்பெல்லாம் தமிழ்ப் பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு நகர்வேன். இம்முறை கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு சீனப் பக்கத்தின் தொடக்கத்துக்கு வந்தேன். கல்லில் எழுத்து தேய்ந்திருந்தது. கையில் அதன் அச்சுப்படி இருந்தது. 'தா மிங் ஹுவாங்தி', மாமிங் பேரரசர் என்று தொடங்குகிறது. 'மிங்' என்பது சூரியனும் சந்திரனும் சேர்ந்த எழுத்து, ஒளி. அது மூன்றாம் படியில் வந்தது. முதலெழுத்தான 'தா', பெரியது. அதைப் பன்றிக்குட்டியிடம் படித்திருந்தேன்.